காடு காக்க வந்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்து உடலின் நிலையைக் கூறுபவர் மருத்துவர். ஒரு நாட்டின் நிலையைக் கூற வேண்டுமானால் அதன் ஆறுகளைப் பார்க்க வேண்டும். ஆறுகளின் நிலையைக் கூற வேண்டுமானால் அவை பிறக்கும் மலைகளில் உள்ள காடுகளைப் பார்க்க வேண்டும். இந்த உண்மையை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இதனை எடுத்துரைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், உண்மையிலேயே நாடி பார்க்கும் தொழிலைச் செய்த ஒரு மருத்துவர் ஆவார். அவர்தாம் டாக்டர் ஹியூ கிளெக்கார்ன்.

இந்தியக் காட்டியல் வரலாற்றைப் படிப்போர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரை முதலில் அறிவர். இந்தியா முழுவதற்கும் முதல் வனத்துறைத் தலைவராக 1864-ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் அவர். அவருக்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே நமது சென்னை மாகாணத்திற்கு வனப் பாதுகாவலராக அமர்ந்தவர் கிளெக்கார்ன். அவர் பிறந்ததும் சென்னை மண்ணிலேதான். எனினும் அவருடைய வாழ்வை அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. ஆதலின் தாவரவியல் மாணவன் என்ற முறையில், நான் நூலகத்தில் படித்தறிந்தவற்றை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

1820-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் கிளெக்கார்ன் சென்னையில் பிறந்தார். தந்தை பேட்ரிக் சென்னை உச்ச நீதிமன்றத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். பாட்டனார் பெயரும் ஹியூ கிளெக்கார்ன் என்பதே. அவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1795-இல் இலங்கையை டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியபோது, அங்கே டச்சுக்காரருக்காகப் பணியாற்றிய சுவிட்சர்லாந்துப் படையொன்றை ஆங்கிலேயர் பக்கம் திருப்பிவிட்டவர் இந்தப் பாட்டனாரே. பின்னர் அவர் இலங்கையின் முதல் குடியேற்றச் செயலாளராகவும் விளங்கினார்.

அக்கால ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கப்படி, கிளெக்கார்ன் சிறு குழந்தையாக இருந்தபோதே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். ஸ்டிராவிதி என்னும் ஊரில் இருந்த பண்ணையில் பாட்டனாரின் நிழலில் வளர்ந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் பச்சிலைகளிலிருந்தும் வேர்களிலிருந்தும் பட்டைகளிலிருந்துமே கிடைத்தன. எனவே மருத்துவம் கற்போர் தாவரவியலையும் கட்டாயம் கற்றாக வேண்டும். இன்று இரு வேறு படிப்புகளாக நிற்கும் இவ்விரண்டும் அன்று ஒரே வீட்டின் இரு அறைகளாக இருந்தன. 1841-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கிளெக்கார்ன், அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகத் தாம் பிறந்த சென்னைக்குத் திரும்பினார்.

நாளும் ஒரு செடி

சில ஆண்டுகளில் அவர் மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த ஷிமோகாவுக்கு அனுப்பப்பட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரலில் அமைந்த ஊர் அது. தேக்கும், ஈட்டியும், சந்தனமும், மூங்கிலும் நிறைந்த நாடு. தாவரவியல் மேதை சர் வில்லியம் ஹூக்கர் அவருக்கு ஓர் அறிவுரை வழங்கியிருந்தார். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கி ஒரே ஒரு செடியை மட்டும் நன்றாக ஆராய்ந்து வரவேண்டும் என்பதே அது. கிளெக்கார்ன் இதனைத் தட்டாமல் கடைப்பிடித்தார். செடிகளை வரைவதற்கென நம் நாட்டு ஓவியர் ஒருவரை அமர்த்திக்கொண்டார்.

பின்னாளில் சென்னையிலும் இப்பணி தொடர்ந்தது. கோவிந்து என்ற ஓவியரும், சென்னைக் கலைப் பள்ளி மாணவரும் அவருக்காக வரைந்தனர். ஏறத்தாழ 3,000 ஓவியங்கள் கொண்ட அத்தொகுப்பு இன்று எடின்பரோ அரசுத் தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகிறது. ஷிமோகாவில் வரைந்த அந்த ஓவியரின் பெயர் மட்டும் வரலாற்றில் இல்லை. அவர் ஒரு மராட்டியர் என்ற அளவோடு செய்தி நின்றுவிடுகிறது. செடியின் பெயரை இலத்தீனில் எழுதி வைத்தவர்கள், அதைக் கண்ணுக்கு முன் நிறுத்தியவரின் பெயரை எழுத மறந்தனர் என்பது வருத்தத்திற்குரியது.

நாள்தோறும் செடி தேடிச் சென்றவரின் கண்களில் வேறொன்றும் பட்டது. காடு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், பாசறைகள் கட்ட உத்தரம் வேண்டும் என்று குத்தகைக்காரர்கள் கண்ட மரங்களையெல்லாம் வெட்டினர். எவ்வளவு பருமனுள்ள மரத்தை வெட்டலாம், வெட்டிய இடத்தில் என்ன நடவேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை. கோடரியால் செதுக்கிச் செதுக்கி ஒரு பெருமரத்தைச் சதுரக் கட்டையாக்குவர். மரத்தின் பெரும்பகுதி சிராய்களாகக் காட்டிலேயே கிடந்து மட்கும். பல நூறு ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒரே நாளில் வீழ்ந்து, அதில் பாதியும் பயன்படாமல் போயிற்று.

இப்சுவிச் அறிக்கை

காய்ச்சலால் உடல் நலிவுற்ற கிளெக்கார்ன் 1848-இல் விடுப்பில் தாய்நாடு சென்றார். அங்கும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1850-இல் எடின்பரோவில் கூடியபோது, வெப்பமண்டலக் காடுகளின் அழிவு எத்தகைய விளைவுகளை உண்டாக்கும் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. கிளெக்கார்னோடு, ஃபோர்ப்ஸ் ராயில், பேர்டு ஸ்மித், ஸ்டிராச்சி ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றனர். அடுத்த ஆண்டு இப்சுவிச் நகரில் அறிக்கை படிக்கப்பட்டது.

இந்தியாவின் பல பகுதிகளிலும் பணியாற்றிய அதிகாரிகளின் குறிப்புகளைத் திரட்டி எழுதப்பட்ட அறிக்கை அது. மலையுச்சிகளில் காடு அழிந்தால் ஊற்றுகள் வற்றும், மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடிவிடும், மரப் பஞ்சமும் நீர்ப் பஞ்சமும் ஒருங்கே வரும் என்பது அதன் சாரம். காடழிவுக்கும் நீர்வளத்துக்கும் உள்ள தொடர்பை அரசாங்கத்தின் முன் வைத்த முதன்மையான ஆவணங்களுள் அது ஒன்று. சுற்றுச்சூழல் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது அது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1852-இல் சென்னைக்குத் திரும்பிய கிளெக்கார்ன், சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பணிகளிலும் ஈடுபட்டார். அச்சங்கத் தோட்டத்தில் வளர்ந்த தாவரங்களின் பட்டியலை 1853-இல் நூலாக வெளியிட்டார். சென்னைக் கடற்கரை மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகள் எவை என்றும், வேலிக்கு ஏற்ற செடிகள் எவை என்றும் கட்டுரைகள் எழுதினார். பெங்களூர் லால்பாக் 1856-இல் அரசுத் தாவரவியல் தோட்டமாக ஆனதிலும் அவருக்குப் பங்குண்டு. அவரை மதித்த தாவரவியலார் ராபர்ட் ஒயிட், அலரிக் குடும்பத்துப் பேரினம் ஒன்றிற்குக் கிளெக்கார்னியா என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

முதல் வனப் பாதுகாவலர்

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி ஓடியது. மக்கள் வியந்து பார்த்தனர். ஆனால் இரும்புப் பாதையின் கீழே என்ன இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மைல் பாதைக்குக் குறைந்தது 1,760 சிலிப்பர் கட்டைகள் வேண்டும். இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை சுமார் 63 மைல். அந்தக் கணக்கில் இந்த ஒரு பாதைக்கே ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கட்டைகளுக்கு மேல் ஆகும். கட்டைகளைக் கறையான் அரிக்கும், மழையும் வெயிலும் உளுக்கச் செய்யும். சில ஆண்டுகளில் மீண்டும் மாற்ற வேண்டும். எஞ்சினுக்கு எரிபொருளாகவும் அன்று விறகே பயன்பட்டது. காபித் தோட்டங்களுக்காக நீலகிரியிலும் வயநாட்டிலும் சேர்வராயன் மலையிலும் காடுகள் வெட்டப்பட்டன. எல்லாப் பக்கங்களிலிருந்தும் கோடரிகள் காட்டை நெருங்கின.

இந்நிலையில்தான் ஆளுநர் ஹாரிஸ் பிரபு, 1856-ஆம் ஆண்டின் இறுதியில் கிளெக்கார்னைச் சென்னை மாகாண வனப் பாதுகாவலராக நியமித்தார். அவருக்கு முன் பம்பாய் மாகாணத்தில் இதே பதவியை வகித்த அலெக்சாண்டர் கிப்சனும் ஒரு மருத்துவரே. காட்டைக் காப்பாற்ற அன்றைய அரசு மருத்துவர்களை நாடியது வியப்பன்று. மரங்களைப் பெயர் சொல்லி அறிந்த அரசு ஊழியர்கள் அவர்கள்தாம்.

பதவி ஏற்றவர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கவில்லை. வடகன்னட மாவட்டத்திலிருந்து ஆனைமலை வரை, குதிரையிலும் கால்நடையாகவும் மாதக்கணக்கில் சுற்றினார். எங்கே என்ன மரம் எஞ்சியிருக்கிறது, எதை விற்கலாம், எதைத் தொடக்கூடாது என்று குறித்துக்கொண்டார். தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்ற விலையுயர்ந்த மரங்கள் அரசின் தனிப் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. நிலம்பூரில் ஆட்சியர் கானலி தொடங்கி, சாத்து மேனன் என்பவர் முன்னின்று வளர்த்த தேக்குத் தோட்டத்தையும் அவர் போற்றினார். வெட்டிய இடத்தில் மீண்டும் நட முடியும் என்பதற்கு அது கண்கூடான சான்றாக இருந்தது. தம் அறிக்கைகளைத் தொகுத்து, தென்னிந்தியாவின் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய பெருநூலை 1861-இல் வெளியிட்டார்.

ஆனைமலை

எங்கள் ஊர் ஆனைமலையின் அடிவாரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மழை விட்ட மாலைகளில் வயல் வரப்பில் நின்றால் நீல மதில்போல அம்மலை தெரியும். எனவே இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குத் தனி ஆர்வம் உண்டாயிற்று.

கிளெக்கார்ன் வருவதற்கு முன்பே, 1848 முதல் கேப்டன் மைக்கேல் என்னும் படை அதிகாரி ஆனைமலையில் தேக்கு மரப் பணியை ஒழுங்குபடுத்தியிருந்தார். காட்டின் வழியையும் விலங்கின் தடத்தையும் அறிந்த காடர், மலசர் ஆகிய மலைவாழ் மக்களின் துணையின்றி அங்கு எந்தப் பணியும் நடந்திராது. வெட்டிய தேக்கை யானைகள் இழுத்து வரும். மலை விளிம்பிலிருந்து கட்டைகளைச் சரிவில் கீழே தள்ளிவிடுவர். டாப்சிலிப் என்று இன்று நாம் வழங்கும் பெயர் அந்தச் சரிவினால் வந்ததே.

1857-இல் கிளெக்கார்னின் உதவியாளராகச் சேர்ந்தவர் பெட்டோம் என்னும் இளம் படை அதிகாரி. குருவின் ஆர்வம் சீடனுக்கும் தொற்றியது. கிளெக்கார்னுக்குப் பின் சென்னை மாகாண வனப்பணியின் தலைமையை ஏற்ற பெட்டோம், 1882 வரை அப்பணியில் இருந்தார். தென்னிந்திய மரங்களையும் பெரணிகளையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் தாவரவியலாருக்கு இன்றும் பயன்படுகின்றன. 1858-இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்குக் கிளெக்கார்ன் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிய கட்டுரை எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

காட்டின் எதிரி யார்?

கிளெக்கார்னின் வாழ்வில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலைவாழ் மக்கள் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டுகள் தினையும் ராகியும் விதைத்து, பின் வேறிடம் சென்று பயிர் செய்வர். கன்னடப் பகுதியில் இதனைக் குமரி வேளாண்மை என்பர். நம் தமிழ் மரபில் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் என்பதும் இத்தகையதே. இம்முறை பெருமரங்களை அழிக்கிறது என்று கிளெக்கார்ன் உறுதியாகக் கருதினார். அவருடைய வற்புறுத்தலால் 1860-இல் சென்னை அரசு, அனுமதி பெறாமல் அரசுக் காடுகளில் குமரி வேளாண்மை செய்வதைத் தடை செய்தது.

காட்டின் நோக்கில் இது சரியாகத் தோன்றலாம். ஆனால் மலையில் வாழ்ந்தவனின் நோக்கில்? தாத்தன் விதைத்த புனத்தில் பேரன் விதைக்க அரசாங்கத்தின் கடிதம் வேண்டும் என்றாயிற்று. அதே காலத்தில் காபித் தோட்ட முதலாளிகளுக்கு மலைச்சரிவுகள் வழங்கப்பட்டன. மலை முகடுகளிலும் ஊற்றுக்கண்களின் அருகிலும் மரங்களை விட்டுவைக்க வேண்டும் என்று கிளெக்கார்ன் எண்ணியது உண்மையே. ஆயினும் தோட்டத்தையும் இரயில் பாதையையும் நிறுத்தும் ஆற்றல் அவருக்கு இல்லை. புனத்தை நிறுத்தும் ஆற்றல் இருந்தது. வலியவனின் கோடரிக்குக் கணக்கு எழுதப்பட்டது. எளியவனின் அரிவாளுக்குத் தடை எழுதப்பட்டது.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பத்தா விறகு சுமந்து விற்றுத்தான் என் தந்தையையும் அத்தைமார் இருவரையும் வளர்த்தார். விடியுமுன் தூக்குவாளியில் கஞ்சியோடு காட்டோரம் போவார். காய்ந்து விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு வருவார். சில நாள்கள் சுமையும் அரிவாளும் பறிபோய், வெறும் சும்மாட்டுத் துணியோடு வீடு திரும்பியதுண்டாம். அந்நாள்களில் அடுப்பு எரிவது அண்டை வீட்டாரின் தயவில்தான். பச்சை மரத்தில் கத்தி வைத்தால் கை விளங்காது என்று அப்பத்தா இன்றும் சொல்வார். அவரையும், இரவோடு இரவாக வண்டி கொண்டு வந்து சந்தன மரத்தை அறுத்துச் செல்பவனையும் ஒரே சொல்லால் திருடர் என்று அழைப்பது நீதியாகுமா என்று நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவியலும் இந்த வேறுபாட்டைக் கூறுகிறது. உதிர்ந்த சுள்ளியை எடுப்பதால் பெருமரம் சாவதில்லை. அதற்கும் ஓர் அளவு உண்டு என்பது உண்மையே. விழுந்ததை எல்லாம் வாரிவிட்டால் மண்ணுக்கு உரம் சேராது. ஆனால் முதிர்ந்த மரத்தை வெட்டுபவன் விதையையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான். நல்ல வயிரம் ஏறிய மரத்தைத்தான் அவன் தேடுவான். அதுவே அக்காட்டில் மிகுதியாக விதை தரும் தாய்மரமாகவும் இருக்கும். ஒரு மரம் போனதாக நாம் எண்ணுகிறோம். போவது ஒரு தலைமுறை.

மரத்திற்கும் நோய் உண்டு

மருத்துவராகிய கிளெக்கார்ன் காலத்தில் மரங்களுக்கு வரும் நோய்களைப் பற்றிய அறிவு தொடக்க நிலையிலேயே இருந்தது. பூசணங்களும் நுண்ணுயிர்களும் நோய்க்குக் காரணம் என்ற கருத்து அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஆயினும் காட்டுத் திருட்டுக்கும் மர நோய்க்கும் உள்ள உறவை இன்று நம்மால் தெளிவாகக் கூற முடியும்.

மரத்தின் பட்டை நம் தோலைப் போன்றது. கிளையை ஒடித்தாலும், பட்டையை உரித்தாலும், பாதி வெட்டிக் கைவிட்டாலும் அது திறந்த புண்ணாகிறது. அப்புண்ணின் வழியே பூசண வித்துகள் உள்ளே நுழைகின்றன. வெளியே பச்சையாக நிற்கும் மரத்தின் வயிரப் பகுதி உள்ளுக்குள்ளே மட்கிப் பொந்தாகிறது. பின்னர் ஒரு காற்றில் அது சாய்கிறது. பெருமரம் சாய்ந்த இடைவெளியில் வெயில் விழுந்து தரை காய்கிறது. களைகள் புகுகின்றன, கோடையில் தீ பரவ வழி ஏற்படுகிறது.

சந்தன மரத்தின் கதை இதனினும் துயரமானது. 1899-இல், கிளெக்கார்ன் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, குடகு நாட்டில் சந்தன மரங்களில் புதியதொரு நோய் கண்டறியப்பட்டது. இலைகள் சிறுத்து நெருங்கி, கிளைகள் விறைத்து ஈட்டிமுனைபோல நிற்கும். மரம் காய்ப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும். இதற்கு ஸ்பைக் நோய் என்று பெயர். எழுபது ஆண்டுகள் ஆராய்ந்த பிறகே, 1969-இல், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் காரணம் தெரிந்தது. இன்று பைட்டோபிளாஸ்மா என்று நாம் படிக்கும், செல்சுவரற்ற நுண்ணுயிரியே அதற்குக் காரணம். சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. காட்டில் நிற்கும் மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

ஒரு பக்கம் நோய், மறுபக்கம் திருட்டு. இவ்விரண்டிற்கும் இடையில் சந்தனம் நசுங்கியது. நோயைத் தாங்கும் ஆற்றலுள்ள மரங்கள் காட்டில் இருக்கக்கூடும். அவற்றைக் கண்டு விதை எடுத்தால் இனத்தைக் காக்கலாம். ஆனால் நோயிலிருந்து தப்பி முதிர்ந்த மரத்தைத்தான் திருடனின் இரம்பம் முதலில் தேடுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-இல் இந்தியச் சந்தனத்தை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. சத்தியமங்கலம் காடுகளில் சந்தனக் கடத்தல் எத்தனை உயிர்களைப் பலி கொண்டது என்பதை நம் பெற்றோர் நன்கு அறிவர். ஆனைமலைக்குத் தென்புறம் கேரளத்தைச் சேர்ந்த மறையூரில் இயற்கைச் சந்தனக் காடு இன்றும் நிற்கிறது. அங்கும் ஸ்பைக் நோய் புகுந்துள்ளது.

இன்னொரு படிப்பினையும் உண்டு. நீலகிரியில் விறகுக்காகச் சோலைக்காடுகள் வெட்டப்படுவதைக் கண்ட கிளெக்கார்ன், விரைந்து வளரும் ஆஸ்திரேலிய மரங்களை நட்டால் சோலைகள் பிழைக்கும் என்று கருதி அதனை ஊக்குவித்தார். நோக்கம் நல்லதே. ஆனால் அவ்வாறு வந்த சீகை மரங்கள் பிற்காலத்தில் புல்வெளிகளிலும் சோலை ஓரங்களிலும் பரவி, இயற்கைத் தாவரங்களை நெருக்கலாயின. அவற்றை அகற்றும் பணியை இன்று தமிழ்நாடு அரசே மேற்கொண்டுள்ளது. வேகமாக வளரும் மரம் விறகைத் தரும், பழங்காட்டைத் தராது. பல நூற்றாண்டுகளில் உருவான சோலையை நட்டு உண்டாக்க முடியாது, நிற்பதைக் காக்கத்தான் முடியும்.

இமயம் வரையிலும், இறுதி நாள்களும்

ஓயாத பயணத்தால் உடல்நலம் குன்றிய கிளெக்கார்ன் 1860-இல் மீண்டும் விடுப்பில் சென்றார். 1861-இல் திருமணம் செய்துகொண்டு இந்தியா திரும்பினார். இம்முறை அவரைப் பஞ்சாப் அழைத்தது. சட்லெஜ், செனாப் போன்ற ஆறுகளின் தலைப்பகுதிகளில் ஏறி இறங்கி, தேவதாரு காடுகளை ஆராய்ந்தார். பஞ்சாபையும் மேற்கு இமயத்தையும் பற்றிய அவருடைய அறிக்கை 1864-இல் வெளிவந்தது. பிராண்டிஸ் விடுப்பில் சென்றபோது, 1867-இல் இந்திய வனத்துறையின் தலைமைப் பொறுப்பையும் தற்காலிகமாக வகித்தார்.

அதன்பின் ஓய்வு பெற்று ஸ்டிராவிதி பண்ணைக்குத் திரும்பினார். இந்திய வனப்பணிக்கு இளைஞர்களைத் தேர்வு செய்வதில் உதவினார். ஸ்காட்லாந்தின் மரவளர்ப்புச் சங்கத்திற்குத் தலைமை தாங்கினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் காட்டியல் கற்பிக்கப்பட வேண்டும் என்று பாடுபட்டு அதன் நிறைவேற்றத்தையும் கண்டார். 1895-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், தாம் வளர்ந்த அதே ஸ்டிராவிதியில் கண் மூடினார்.

நம் கடமை

கிளெக்கார்ன் ஆட்சியாளரின் ஊழியர். கப்பலுக்கும் இரயிலுக்கும் மரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே அவரை அமர்த்தியவர்களின் நோக்கம். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே, காடு என்பது மரக்கிடங்கு மட்டுமன்று, அது மழையின் சேமிப்பும் ஆற்றின் தாய்வீடும் ஆகும் என்று அரசின் காதில் ஓதியது அவருடைய பெருமை. அக்காட்டில் வாழ்ந்த மக்களைக் காவலுக்குத் துணையாகக் கொள்ளாமல் தடைக்கு உரியவராகக் கண்டது அவருடைய குறை. இரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

அவர் இட்ட அடித்தளத்தின் மேல் 1882-இல் சென்னை வனச் சட்டம் எழுந்தது. அது இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றுக்கொள்ளும் சட்டம் 2006-இல்தான் வந்தது. இடையே கழிந்தவை நூற்று இருபத்து நான்கு ஆண்டுகள். காடரும் மலசரும் அன்றே காவலராக மதிக்கப்பட்டிருந்தால், திருடனின் காலடி ஓசை எத்தனையோ முறை முன்கூட்டியே கேட்டிருக்கும். நோயுற்ற மரத்தை முதலில் காண்பவரும் அவர்களாகவே இருந்திருப்பர்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை வனத்துறைத் தேர்வு எழுதுவோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் ஆராய்ச்சிக்குச் செல்வோம். எப்பணிக்குச் சென்றாலும் கிளெக்கார்னிடமிருந்து ஒரு பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். நாளும் கால் மணி நேரம், நாளும் ஒரு செடி. நம் கல்லூரி வளாகத்தில் நிற்கும் வேம்பையும் புங்கையும் புளியையும் பெயரளவில் அறிவோம். அவற்றின் பட்டையில் உள்ள புண்ணை, இலையில் உள்ள புள்ளியை, அடியில் ஏறும் கறையானைப் பார்த்திருக்கிறோமா? பார்க்கத் தெரிந்தவனுக்கே காக்கத் தெரியும். தாவரவியல் துறை மாணவர்கள் ஒன்றுகூடி, வரும் கல்வியாண்டில் வளாகத்து மரங்கள் அனைத்திற்கும் ஒரு பதிவேடு தொடங்கலாம் என்று பேராசிரியர்களை இதன் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். மரத்தின் பெயர், சுற்றளவு, உடல்நிலை ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் அதில் எழுதி வரலாம். இந்த ஆண்டு நாம் தொடங்குவதை, நம்மை அறியாத மாணவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்து எழுதுவார்கள்.